மஞ்சள் கிளிப்

நீல நிறக் கார் நூறு சதவீதம் நிரம்பி, வயிறு முட்டத் தின்றுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்ந்த ஆளைப் போல, சார்ஜர் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கம்பத்தின் சின்னத் திரையில் ‘100’ என்று பச்சையில் மின்னியது. காருக்குள் யாரும் இல்லை.

அவள் தன்னுடைய வெள்ளைக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்காமல், அந்த நூறையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடையது என்றால் சொந்தக் கார் இல்லை, ஆய்வகத்தின் கார். அது இன்னும் இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடுவேன் என்றது. ஆய்வகம் எழுபத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காலையில் கிளம்பும்போது போய்வரத் தாராளமாகப் போதும் என்று காட்டிய அதே வண்டிதான், மேட்டுப் பாதையில் ஏறி இறங்கியதும் பேச்சை மாற்றிவிட்டது. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

பின்னிருக்கையில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, ஐஸ் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதற்குள் பன்னிரண்டு பாட்டில் தண்ணீர். மேட்டின் மேலிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழாய்களில் பிடித்தது. நான்கு நாளாக அங்கே வீட்டுக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். குழாய்களைப் பூட்டிவிட்டார்கள். லாரியில் வரும் தண்ணீரை நாற்பது வீடும் குடத்தில் பிடித்து மாடி ஏற்றுகிறது. எந்தத் தொட்டியில் கோளாறு என்று தெரிந்தால்தான் பூட்டைத் திறக்க முடியும்.

தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பிடித்த ஆறு மணி நேரத்துக்குள் அதை ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நேரம் தாண்டினால் பாட்டிலுக்குள்ளேயே கிருமி பெருகலாம், அல்லது சாகலாம். பிறகு எண்ணி என்ன பயன்? முதல் பாட்டிலை அவள் சரியாக ஒன்பது மணிக்குப் பிடித்தாள். ஆக, மூன்று மணி. அதைத் தாண்டினால் பன்னிரண்டையும் கொட்டிவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி போய்ப் பிடிக்க வேண்டும். இன்று வெள்ளி.

அங்கே குடத்தோடு நின்ற ஒரு பெண், “நாளைக்குத் தெரிஞ்சிடுமாம்மா?” என்று கேட்டாள். இவள் தலையாட்டியிருந்தாள். வாயால் சொல்லியிருந்தால் போன் போட்டு மாற்றிச் சொல்லலாம். தலையாட்டியதை எப்படி மாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளி வேலைக்கு அவள் தனியாக வந்தது இதுதான் முதல் தடவை. ஆய்வகத்தில் அவளை ‘மியூட்டு’ என்பார்கள். வீட்டில் தம்பி வேறு மாதிரி சொல்வான். “எங்க அக்கா பஸ்ல இறங்கற இடம் வந்தாக்கூட வாயத் திறக்க மாட்டா. வேற யாராவது இறங்கினாத்தான் இவளும் இறங்குவா.” அதைப் பொய் என்று அவளால் சொல்ல முடிந்ததில்லை.

இறங்கினாள்.

அது ஒரு பழைய வணிக வளாகத்தின் பின்புறம். கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். அந்த மின்சாரத்தில் இரண்டு சார்ஜர் கம்பங்களை வைத்து, வளாகத்துக்காரர்கள் இலவசமாக விட்டிருந்தார்கள். அட்டை வேண்டாம், செயலி வேண்டாம், சொருகினால் ஏறும். இலவசம் என்றால் கேட்க வேண்டுமா? ஒரு கம்பம் எப்போதோ படுத்துவிட்டது. அதன் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒன்று. அதில்தான் நீலக் கார்.

கம்பத்திலிருந்து காருக்குப் போகும் தடித்த கேபிளில் ஒரு மஞ்சள் கிளிப் தொங்கியது. துணி காயப்போடும் சாதாரண கிளிப். சுவரில் ஒரு பலகை: ‘கிளிப்பைப் பார்த்து நடந்துகொள்ளவும்.’ அதற்குக் கீழே, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விளக்கிய காகிதம் மழையில் கரைந்துபோயிருந்தது. கடைசி வரி மட்டும் பிழைத்திருந்தது. ‘நன்றி.’

“என்ன பாப்பா, சார்ஜ் போடணுமா?”

நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார். காக்கிச் சட்டை, மடியில் ஒரு டப்பா நிறைய கிளிப்புகள்.

“ஆமாங்க” என்றாள். அது அவருக்குக் கேட்டிருக்காது.

“நான் இங்க வேலைக்காரன் இல்ல. பஸ் கண்டக்டர். முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கிழிச்சேன், இப்ப கிழிக்க ஒண்ணும் இல்ல. பையன் வண்டிக்குச் சார்ஜ் போட வந்து வந்து, அப்படியே உக்காந்துட்டேன். எவனாவது ஒழுங்குபடுத்தணுமே. இந்தக் கிளிப் ஏற்பாடுகூட நாங்களா பேசி வெச்சதுதான். பச்சைன்னா, ரொம்பினதும் யார் வேணாலும் பிடுங்கிக்கலாம். சிவப்புன்னா தொடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.”

“இது மஞ்சள்ங்க.”

“மஞ்சள்தான்” என்று ஒப்புக்கொண்டார் கண்டக்டர். அதோடு பேச்சு முடிந்தது போல வானத்தைப் பார்த்தார்.

“மஞ்சள்னா என்னங்க?”

“அது போன வாரம் வந்தது. மஞ்சள்னா, ஆள் கூப்பிடு தூரத்துல இருக்காருன்னு அர்த்தம். கூப்பிட்டா வந்துடுவார்.”

“யார் கூப்பிடணும்?”

“யாருக்கு வேணுமோ அவங்கதான்.”

ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுபத்து நான்கு கிலோமீட்டர் நடப்பது மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

“கண்டக்டரே, சும்மா அடிச்சு விடாதீங்க” என்று ஒரு குரல் வந்தது. பக்கத்தில் நின்ற வேனின் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. வேனின் மேல் பேக்கரி படம் போட்டிருந்தது. ஆளின் மீசையிலும் கொஞ்சம் மாவு. “மஞ்சள்னா, ரொம்பினப்புறம் பத்து நிமிஷம் பொறுக்கணும். அதான் பேசினது.”

“பேசின அன்னிக்கு நீ வரவே இல்லயே!”

“வரல. குரூப்ல படிச்சேன்.”

“குரூப்ல போட்டதே நான்தானய்யா!”

“நீங்க போட்டது எவனுக்குப் புரிஞ்சுது? முக்கால்வாசி கும்பிடற கை படம்.”

அந்த நேரம் பார்த்து வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் போனைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார். எதிர்ச் சாரியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டராம். பேக்கரிக்காரர் அறிமுகம் செய்துவைத்தார். “நீங்களே சொல்லுங்க டாக்டர்.”

“ரெண்டு பேர் சொல்றதும் தப்பு” என்றார் டாக்டர், பல்லைத் தட்டிப் பார்த்தவர் மாதிரி உறுதியாக. “மஞ்சள்னா, எண்பது ஏறினாலே போதும், எடுத்துடலாம்னு அர்த்தம்.”

“அப்ப பச்சை?” என்று கேட்டார் கண்டக்டர்.

“பச்சைன்னா... நூறானதும் எடுக்கலாம்.”

“இப்ப நூறாயிடுச்சே. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?”

டாக்டர் யோசித்தார். “ஒண்ணுதான். ஆனா வேற.”

அவள் கல்லூரியில் மூன்று வருடம் வேதியியல் படித்தவள். நிறத்தைப் பார்த்து முடிவுக்கு வருவது அவளுக்குப் பழகிய வேலை. ஆனால் அங்கே ஒரு நிறத்துக்கு ஒரு முடிவுதான் இருக்கும். இங்கே ஒரு கிளிப்புக்கு மூன்று. எது சரி என்று சோதித்துப் பார்க்க வழியும் இல்லை. மனதுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள். எண்பது எப்போதோ தாண்டிவிட்டது. பத்து நிமிடமும் பேச்சிலேயே போய்விட்டது.

“அப்ப... மூணு பேர் சொல்றபடி பாத்தாலும்... ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டுப் பிடுங்கலாம் இல்லயா?” என்றாள்.

மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“படிச்ச புள்ள” என்றார் பேக்கரி அண்ணன். “ஆனா தங்கச்சி, வரிசையில நான் முதல்ல, டாக்டர் ரெண்டாவது.”

வேறு வழியில்லாமல் பாட்டில் கதையைச் சொன்னாள். குரல் பாதி வழியில் நின்று நின்று வந்தது.

“என்னது, கெட்ட தண்ணி கெட்டுப்போயிடுமா?” என்றார் அண்ணன்.

“அது எவ்வளவு கெட்டிருக்குன்னு தெரியாமப் போயிடும்ங்க.”

“நாற்பது வீடா? குடத்துலயா? நீ முதல்ல போடும்மா. என் பன் எல்லாம் காலைலயே போயாச்சு.”

“தாராளமா” என்றார் டாக்டர். அவருடைய காரும் வெள்ளை, அதே கம்பெனி, அவளுடைய காருக்குப் பக்கத்திலேயே நின்றது. சார்ஜ் மூடி திறந்து கிடந்தது. மூட மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். சொல்லலாமா என்றும் நினைத்தாள். சொல்லவில்லை.

கண்டக்டர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். “நீலக் காரூ... நீலக் கார் யாருங்க? வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க!” பேக்கரி அண்ணன் ஹாரன் அடித்தார். டாக்டர் கை தட்டினார். அவளும் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இரண்டாவது மாடி ஜன்னல் ஒன்று திறந்து, ஒருவர் எட்டிப் பார்த்து, “நான் இல்ல!” என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

“கூப்பிட்டாச்சு. பிடுங்கு பாப்பா.”

பிடுங்கினாள். வரவில்லை. அண்ணன் இழுத்தார். கார்தான் அசைந்தது.

“வண்டியப் பூட்டிட்டுப் போயிருக்காங்க. பூட்டின வண்டி சார்ஜர் கன்னை விடாது” என்றார் டாக்டர்.

“அப்ப மஞ்சள்னா பூட்டியிருக்குன்னு அர்த்தமோ என்னமோ” என்றார் கண்டக்டர், முதல் தடவையாகக் கொஞ்சம் சந்தேகத்தோடு.

அவள் ஆய்வகத்தில் இருக்கும் சீனியர் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, இங்க ஒருத்தரோடத பிடுங்கலாமான்னு...”

“எத பிடுங்கப் போற? எங்க இருக்க நீ?”

“சார்ஜர்க்கா. நூறாயிடுச்சு. மஞ்சள் கிளிப் போட்டிருக்காங்க.”

“கிளிப்பா? தலைக்கா? எனக்கு ஒண்ணும் புரியல. மூணு மணிக்கு வந்துடுவியா மாட்டியா?”

“தெரியலக்கா.”

“வர முடியாதுன்னா இப்பவே சொல்லு, நான் மெஷினெல்லாம் நிறுத்திட்டுக் கிளம்பறேன். மூணே கால், மூணரைன்னு வந்து நிக்காதே. வாங்க மாட்டேன்.”

வாங்க மாட்டார். அந்த விஷயத்தில் அக்கா எமன்.

அவள் நீலக் காரின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போலக் கூச்சமாக இருந்தது. முன்னிருக்கையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு கட்டு விடைத்தாள், ஒரு கோப்பு. கோப்பின் மேல் பெரிய கண் படம். நிமிர்ந்தாள். வளாகத்தின் மூன்றாவது மாடியில் அதே கண், விளம்பரப் பலகையிலிருந்து அவளைப் பார்த்தது.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினாள்.

கண் மருத்துவமனையின் கூடத்தில் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. வாசலில் நின்ற அவளுக்கு வழக்கம் போல நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகுதான் கவனித்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது.

“நீலக் கார்ல வந்தவங்க யாருங்க?”

இவ்வளவு சத்தமாகத் தன் குரல் வரும் என்று அவளுக்கே தெரியாது. இருபது முகங்களும் மூடிய கண்ணோடு அவள் பக்கம் திரும்பின.

“நான்தான்” என்றார் மூலையிலிருந்த ஒரு டீச்சரம்மா. விடைத்தாள்காரர் வேறு யாராக இருக்க முடியும். “என்ன, இடிச்சிட்டியா?”

“இல்லங்க. ரொம்பிடுச்சு.”

“ரொம்பினா எடுத்துக்க வேண்டியதுதானே? பச்சை கிளிப்தானே மாட்டிட்டு வந்தேன்?”

“மஞ்சள்ங்க.”

டீச்சரம்மா தன் மூடிய கண்ணைச் சுட்டிக் காட்டினார். “மஞ்சளா? அதுக்குத்தானேம்மா இங்க வந்து உக்காந்திருக்கேன்.”

பைக்குள் துழாவிச் சாவியை எடுத்தார். “பூட்டத் திறந்து எடுத்துக்கோ. வண்டிய ஓரம் கட்டச் சொல்லு. சாவிய என் கையிலதான் கொண்டு வந்து கொடுக்கணும், தெரியுதா? பக்கத்துல வெச்சிட்டுப் போறேன், நர்ஸ்கிட்ட கொடுத்துட்டுப் போறேன்னு இருக்கக் கூடாது. இங்க எல்லாரும் கைய நீட்டிக்கிட்டுதான் உக்காந்திருக்கோம்.”

“சரிங்க மிஸ்” என்றாள், பள்ளிக்கூடம் விட்டு ஏழு வருடம் ஆன பிறகும்.

கீழே வந்தபோது மணி ஒன்று பன்னிரண்டு. சாவியை அமுக்கியதும் கன் பழம் மாதிரி கையோடு வந்தது. பேக்கரி அண்ணன் நீலக் காரை ஓரம் கட்டினார். மஞ்சள் என்பது பச்சைதான் என்று அவள் சொன்னதைக் கண்டக்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. “அவங்களுக்குக் கண்ணு தெரியலன்னா கிளிப்போட அர்த்தம் மாறிடுமா?” என்றார். “சரி, நீ போய்ச் சாவியக் கொடுத்துட்டு வா பாப்பா. நான் உன் வண்டியில சொருகிடறேன். வெள்ளை வண்டிதானே?”

“ஆமாங்க.”

தானே சொருகிவிட்டுப் போயிருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் பெரியவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது கன்னைக் கொடுக்காமல் எப்படி இருப்பது? கொடுத்துவிட்டு ஓடினாள்.

மேலே டீச்சரம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். நர்ஸ் கையை நீட்டினாள். “கொடுங்க, நான் கொடுத்துடறேன்.” அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கண் மூடிய பத்தொன்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்தாள். வண்டி எப்படியும் ஏறிக்கொண்டிருக்கிறது, இருபது நிமிடமாவது ஏறத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மனம் கொஞ்சம் அடங்கியது. ஒன்று இருபத்தாறுக்கு டீச்சரம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். சாவியை வாங்கிக்கொண்டவர் கையை விடவில்லை.

“சத்தமாக் கூப்பிட்ட பொண்ணுதானே நீ? குரல் நல்லாயிருக்கு. இந்த ஃபாரத்தக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. என்னவோ கையெழுத்துப் போடச் சொல்றாங்க.”

ஃபாரம் இரண்டு பக்கம். படித்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் டீச்சரம்மாவின் விரலைப் பிடித்து வைத்தாள்.

ஒன்று முப்பத்தெட்டுக்குக் கீழே வந்து பார்த்தபோது, திரையில் 61 என்று ஓடிக்கொண்டிருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டு, கேபிள் போன வழியே பார்வையைக் கொண்டுபோனாள். கேபிள் அவள் வண்டியின் முன்னால் போய், அதைத் தாண்டி, டாக்டரின் காருக்குள் நுழைந்திருந்தது. அதில் ஒரு பச்சை கிளிப் வேறு.

“ஐயா” என்றாள். “அது என் வண்டி இல்ல.”

“வெள்ளைன்னுதானே சொன்ன?”

“அது டாக்டரோடது.”

கண்டக்டர் ஒரு காரையும் இன்னொரு காரையும் மாறி மாறிப் பார்த்தார். “மூடி திறந்திருந்துச்சே பாப்பா! மூடி திறந்திருந்தாத்தானே வரிசையில நிக்கிற வண்டி? மூடி மூடியிருந்தா சும்மா நிறுத்தி வெச்ச வண்டி. இது எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே!”

எல்லாருக்கும் தெரியும் என்பதால் அது பலகையில் இல்லை. குரூப்பில்கூட யாரும் எழுதியதில்லை.

“நானும் பாத்தேன்” என்றார் பேக்கரி அண்ணன் மெதுவாக. “டாக்டருக்கு என்னவோ அவசரம் போல, நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்.”

போன் பேசி முடித்துக்கொண்டு டாக்டர் வந்தார். திரையைப் பார்த்தார். “அட, என்னுது ஏறுதா! அதுக்குள்ள உங்களுக்கு முடிஞ்சிடுச்சா?”

கண்டக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார். டப்பாவிலிருந்து கிளிப்புகள் கொட்டின. பொறுக்கவும் தோன்றாமல் நின்றார்.

அவள் கணக்குப் போட்டாள். இப்போது சொருகினால் குறைந்தது இருபது நிமிடம். பாதைக்கு ஒரு மணி பத்து நிமிடம். மூன்று எட்டு. மறுபடி போட்டாள். மூன்று எட்டுதான்.

எட்டே எட்டு நிமிடம். காரின் முன்னிருக்கையில் படிவம் இருந்தது. ‘முதல் மாதிரி எடுத்த நேரம்: 9.00.’ அவள் கையெழுத்துதான். பூஜ்யத்தை எட்டாக்க ஒரு சுழி போதும். அக்காவுக்குத் தெரியாது. நாற்பது வீட்டுக்கும் தெரியாது. கிருமிகளுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆனால் நாளை கிருமி வளர்க்கும் ஒரு தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை என்றால், அந்தத் தொட்டி சுத்தமா, அல்லது அந்த எட்டு நிமிடமா என்று யாரைப் போய்க் கேட்பாள்? படிவத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு டாக்டரிடம் போனாள். அவர் முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது. மேலே அந்தக் கூடத்தில் வந்த குரலை நினைத்துக்கொண்டு, அவருடைய கோட்டின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துச் சொன்னாள்.

“டாக்டர், உங்க வண்டிய நான் எடுத்துக்கறேன்.”

“எடுத்துடுங்க, எடுத்துடுங்க. நான் அப்புறம் போட்டுக்கறேன்” என்று கன்னைப் பிடுங்கப் போனார் டாக்டர்.

“கன் இல்லங்க. வண்டிய.”

“எந்த வண்டிய?”

“உங்க வண்டிய. அதுல அறுபத்தொண்ணு இருக்கு. என்னுது இங்க ஏறட்டும். ஆறரைக்குள்ள திருப்பிக் கொண்டு வந்துடறேன்.”

டாக்டர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் பேக்கரி அண்ணனைப் பார்த்தார். இதற்கு எந்த நிறத்திலும் கிளிப் இல்லை.

“உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?” என்று கேட்ட டாக்டர், கேட்டு முடிப்பதற்குள் தானே தலையில் தட்டிக்கொண்டார். “ஓட்டிட்டுத்தானே வந்திருக்கீங்க. இல்ல, எனக்கு ஏழு மணி வரைக்கும் கிளினிக்தான். எதிர்லயே. வண்டி வேணாம்தான்.”

“வண்டியே வேணாம்னா எதுக்கு டாக்டர் வரிசையில நின்னீங்க?” என்றார் அண்ணன்.

“தெரியல. எல்லாரும் நிக்கறீங்களேன்னு.”

“நல்லா நின்னீங்க, போங்க!”

அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை, அல்லது யோசிக்கப் பயந்தார்கள். டாக்டர் சாவியைக் கொடுத்தார். அவள் தன் சாவியை நீட்டினாள். அதை டாக்டர் வாங்குவதா, வண்டியைச் சார்ஜில் போடப்போகும் கண்டக்டர் வாங்குவதா என்று இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில் அரை நிமிடம் போயிற்று. கடைசியில் கண்டக்டர் வாங்கிக்கொண்டார். பேக்கரி அண்ணன், பன் தட்டைத் தூக்கிப் பழகிய கையால் ஐஸ் பெட்டியை ஒரு குலுக்கல் இல்லாமல் தூக்கி, டாக்டரின் காரில் வைத்து, பெல்ட்டும் போட்டார். கண்டக்டர் சாலையில் இறங்கி, இரண்டு பக்கமும் வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார்.

“போலாம் ரைட்!”

ஒன்று நாற்பத்து மூன்று.

டாக்டரின் கார் எல்லா விதத்திலும் அவளுடைய காரைப் போலவே இருந்தது, ஒன்றைத் தவிர. வளைவுகளில் பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. பாட்டில் சத்தம் இல்லை. பாட்டில் சத்தம் அவளுக்குத் தெரியும். நிறுத்திப் பார்க்க நேரம் இல்லை. ஐம்பத்தைந்து, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று திரையில் எண் இறங்க இறங்க, கடிகாரத்தில் எண் ஏறியது. இரண்டில் எது முதலில் முடியும் என்று தெரியாமலே ஓட்டினாள்.

ஆய்வக வாசலில் சீனியர் அக்கா கையுறை போட்ட கையோடு நின்றிருந்தார். பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்தார். நான்கு டிகிரி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதிவேட்டில் 2.54 என்று எழுதி, படிவத்தில் ஒன்பது மணியையும் இரண்டு தடவை பார்த்து, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

“தேறிட்ட. நாளைக்கு மத்தியானம் எண்ணிடலாம்” என்றவர், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். “ஏய், நம்ம வண்டில இந்தக் கீறல் எப்ப வந்துச்சு?”

“அது நம்ம வண்டி இல்லக்கா.”

“பின்ன?”

“டாக்டர் வண்டி.”

“எந்த டாக்டர்?”

“பல் டாக்டர்.”

“அவர் பேரு என்ன?”

“கேக்கலக்கா.”

“நம்பராவது வாங்கினியா?”

“இல்லக்கா.”

“நம்ம வண்டி சாவி?”

“கண்டக்டர்கிட்ட இருக்கு.”

“எந்த பஸ்ஸு?”

“இப்ப பஸ் இல்லக்கா அவருக்கு.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். நேராக வெளியே போனார். அவள் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு, முதல் பாட்டிலைத் துடைத்து, வடிகட்டியின் மேல் சாய்த்தாள். ‘தொட்டி அ, குழாய் ஒன்று.’ தண்ணீர் வெள்ளைத் தாளின் வழியாக மெல்ல இறங்கியது. தாளின் மேல் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாளை மத்தியானம் தெரிந்துவிடும். தாளை இடுக்கியால் எடுத்துத் தட்டில் படுக்க வைத்து, அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

ஏழாவது பாட்டிலின்போது அக்கா திரும்பி வந்தார். கையில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் நான்கைந்து சோடி, வெள்ளை வெளேரென்று பிளாஸ்டரில் வார்த்த பற்கள்.

“பின் சீட்டுக்குக் கீழ இருந்துச்சு” என்றார். “இதெல்லாம் யாரோடது?”

“தெரியலக்கா” என்றாள். “அந்த எட்டாவது பாட்டிலக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க.”

அக்கா, பற்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டே, மறு கையால் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.